கோலசிலாங்கூரில் இரண்டு ராத்திரி: நாள் குறிப்பது முதல் டெபாசிட் திரும்ப வாங்குவது வரை

மலேசியாவின் சிலாங்கூர் கரையிலுள்ள கோலசிலாங்கூர் பக்கம் ஓரிரு ராத்திரி தங்க வாடகை வீடு தேடுகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் வீட்டைப் பிடிக்கிறார்கள், பிறகு எல்லாருக்கும் லீவு கிடைக்கும் தேதியைப் பிடிக்கிறார்கள், போய் இறங்கிய பிறகுதான் வானத்தில் நிலா இருப்பதைப் பார்க்கிறார்கள். இந்தக் கரையில் வரிசை தலைகீழ். மின்மினி தெரிவது, கடல் நடுவே மணல்திட்டு எழுவது, படகுகள் மீனோடு ஆற்றுக்குள் வருவது எல்லாமே நிலாக் கணக்கு. ஆகவே முதல் வேலை, சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியைக் கழற்றி மேசைமேல் வைப்பது.

நாள் குறிப்பது

கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக உட்கார்ந்து ஒரே தாளத்தில் மின்னும். இருட்டு எவ்வளவு கெட்டியோ அவ்வளவுக்கு அந்த ஒளி எடுபடும். பௌர்ணமி இரவில் போனால் மரம் நன்றாகத் தெரியும், மின்மினி மங்கிவிடும். அடுத்தது சாசாரான் மணல்திட்டு, ஊர் முழுக்க ஸ்கை மிரர் என்று படம் பிடித்துப் போடும் இடம். அது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாள்களில், நீர் நன்றாக வற்றும் நேரத்தில் மட்டும் கடலுக்கு மேலே தலை காட்டும். அஷ்டமி, நவமியில் நீர் ஏறி இறங்கும் அளவு குறைவு என்பதால் திட்டு முழுகியே கிடக்கும்.

இரண்டும் சேர்ந்து அமையும் நாள் அமாவாசைதான். ஆனால் அமாவாசையன்று நம் வீடுகளில் பாதிக்குமேல் சைவம். நண்டு தின்னப் போன இடத்தில் பெரியவர்கள் சாம்பார் சோற்றோடு உட்கார்ந்திருப்பார்கள். அமாவாசை முடிந்த இரண்டாம் மூன்றாம் நாளைப் பிடியுங்கள். பிறை மெல்லியது, இரண்டாம் நாளில் ஒன்பது மணிக்குள் மறைந்துவிடும். நீர் ஏற்றமும் வற்றலும் அமாவாசையைவிட ஓரிரு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும், அதனால் மணல்திட்டுக்கும் குறை இல்லை. விரதமும் கழிந்திருக்கும். இந்த நாள்களில் நண்டு சதைப்பிடிப்பாக இருக்கும், பௌர்ணமி நண்டு இளைத்திருக்கும் என்பது மீன்காரர்களின் பழைய பேச்சு. அதை நம்பித் தேதி வைக்க வேண்டாம், கையில் அழுத்திப் பார்க்கும் வழி கீழே இருக்கிறது.

வார நாள் கணக்கு சொல்கிறோம். புதன், வியாழன், வெள்ளி இந்த மூன்றில் ஒன்றில் அமாவாசை விழும் வாரத்தைத் தேர்ந்தெடுத்து, வெள்ளி மாலை போய் ஞாயிறு பகல் திரும்புங்கள். வெள்ளி ராத்திரி மின்மினி. சனிக்கிழமைக் கூட்டம் அன்றைக்கு இருக்காது. வெள்ளி சைவம் பார்க்கிறவர்களுக்கும் அன்று மீன் சமைக்கும் கட்டாயம் இல்லை. சனி முற்பகல் மணல்திட்டு. சனி மாலை மீன் வாங்கி, ராத்திரி பெரிய சமையல். ஞாயிறு காலை புக்கிட் மெலாவத்திக் குன்றுக்கோ செகிஞ்சான் நெல்வயலுக்கோ போய்விட்டு வீட்டுக்கு. ஒரே ராத்திரி போதும் என்று சனி போய் ஞாயிறு திரும்புகிறவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் எப்போதும் ஒன்றுதான்: மணல்திட்டுப் படகு நண்பகல் தாண்டித் திரும்பும், வீட்டைக் காலி செய்ய வேண்டிய நேரம் பன்னிரண்டு மணி. ஈரத் துணியோடு பத்துப் பேர் காரில் உட்கார்ந்து வரவேண்டி வரும்.

பௌர்ணமி வாரம்தான் கிடைக்கிறது என்றால் பௌர்ணமி கழித்து இரண்டாம் நாள் போங்கள். அன்று நிலா எழ ஒன்பது மணி ஆகும். எட்டு மணிக்கு முதல் படகில் ஏறினால் ஒரு மணி நேர இருட்டு கையில் இருக்கும்.

சில தேதிகளில் கவனம் வேண்டும். சீனப் புத்தாண்டு எப்போதும் அமாவாசையை ஒட்டித்தான் வரும், அதனால் இருட்டும் நீரும் ஒத்துவரும். ஆனால் செகிஞ்சான் சாலை நகராது, பாதிப் படகுகள் கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறி நிற்கும். தீபாவளியும் அமாவாசையை ஒட்டியதே. மறுநாள் எண்ணெய்ப் பலகாரத்தோடு கிளம்பும் குடும்பங்களுக்கு இது நல்ல வாய்ப்பு, ஆனால் அக்டோபர், நவம்பர் இந்தக் கரையில் சாயங்கால இடிமழைக் காலம், கூடவே பெரிய நீரேற்றம் வரும் காலமும் அதுதான். ஏப்ரல், மே மாதங்களிலும் மாலை மழை உண்டு. மழை பெய்தால் மின்மினி குறையும், படகும் நின்று நின்று போகும். புரட்டாசி மாதம் முழுக்கச் சைவம் இருக்கும் குடும்பம் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஒரு மாதத்தைத் தள்ளிவிடலாம்.

நீர் ஏறி இறங்கும் நேரத்துக்குத் தேசிய நீர்ப்பரப்பு அளவை மையம் வெளியிடும் அட்டவணையில் பெலாபோஹான் கிள்ளான் வரிசையைப் பாருங்கள். அமாவாசையை ஒட்டிய நாள்களில் இங்கே நீர் வற்றுவது நண்பகலை ஒட்டி, ஏறுவது விடியற்காலையிலும் சாயங்காலத்திலும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். ஏற்றம் 5 மீட்டரைத் தாண்டும் நாளில் ஆற்றோரக் கம்பங்களில் (கிராமங்களில்) தண்ணீர் சாலைக்கு வரலாம். ஆற்றங்கரை மீன்பிடி ஊரான பாசிர் பெனாம்பாங் மாதிரி இடத்தில் காரை ஆற்றை ஒட்டி நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்காராதீர்கள். உப்புத் தண்ணீர் காரின் அடிப்பாகத்தைத் தின்னும்.

செகிஞ்சான் வயலின் பச்சை வேறு கணக்கு. ஆண்டுக்கு இரண்டு போகம். அறுவடை பெரும்பாலும் மே, ஜூனிலும் நவம்பர், டிசம்பரிலும். அதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால் போனால் பச்சை, அறுவடைக்குச் சற்று முன் போனால் மஞ்சள். அறுத்த பிறகு போனால் சேறும் கொக்கும்தான், அதையும் ரசிக்கிறவர்கள் உண்டு.

எந்தப் பக்கம் வீடு

கோலசிலாங்கூர் பட்டணத்துக்குள் வீடு எடுத்தால் கடை, மருந்தகம் எல்லாம் பக்கம். செகிஞ்சானில் எடுத்தால் வயல் வாசலில் இருக்கும், ஆனால் மின்மினிக்கு 30 கிலோமீட்டருக்குமேல் இருட்டில் ஓட்டிப் போக வேண்டும். வார இறுதியில் வழியிலுள்ள தஞ்சோங் காராங் பட்டணத்துக்குள் கார்கள் ஊர்ந்துதான் நகரும். பத்துப் பதினைந்து பேர் கூட்டமாக வருகிறவர்களுக்குப் புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா மாதிரி தோட்டத்துப் பட்டணங்களின் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள் நன்றாக ஒத்துப்போகும். பெஸ்தாரி ஜெயாவைப் பழைய ஆள்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். ரப்பர் இருந்த காலத்துத் தொழிலாளர் லயங்கள் கலைந்து, செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்து, அந்தக் குடும்பங்கள் வாங்கிய வரிசை வீடுகளில் சில இப்போது ஹோம்ஸ்டே ஆகியிருக்கின்றன. வாடகை கடலோரத்தைவிடக் குறைவு, அறைகள் பெரிது, தமிழ்ப் பேச்சுக் கேட்கும், மாரியம்மன் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கும். கோயில் திருவிழா வாரமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் ஒன்று வீடு கிடைக்காது, அல்லது காவடி ஊர்வலத்துக்குச் சாலை அடைத்திருக்கும்.

தோட்டத்துப் பக்க வீட்டுக்கு ஒரு சோதனை உண்டு. கூகள் வரைபடத்தில் வீட்டு முகவரியைப் போட்டு, செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றி, சுற்றி நாலைந்து கிலோமீட்டரைப் பாருங்கள். செம்பனைக்கு நடுவே ஒரு பெரிய தகரக் கூரைக் கட்டடம், அதை ஒட்டிப் பழுப்பும் பச்சையுமாகச் சதுரச் சதுரக் குளங்கள் தெரிந்தால் அது எண்ணெய் ஆலை. அந்தக் குளங்கள் கழிவுநீர்த் தொட்டிகள். காற்று உங்கள் பக்கம் திரும்பும் ராத்திரியில் சன்னலைத் திறக்க முடியாது. பழக்குலை லாரிகள் விடியுமுன்னே ஓடத் தொடங்கும் என்பதால் ஆலைக்குப் போகும் சாலையை ஒட்டிய வீட்டையும் தவிர்க்கலாம். விளம்பரப் படத்தில் இது எதுவும் வராது. காலணியை வாசலில் விட்டால் காலையில் உதறிப் போடுங்கள். தோட்டத்தை ஒட்டிய வீட்டில் பாம்பு வருவது புதுமை இல்லை.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது

‘மூவாட் 15 ஓராங்’ என்று போட்டிருப்பார்கள். பதினைந்து பேர் கொள்ளும்தான், ஆனால் கட்டில் எத்தனை, தோத்தோ (தரையில் விரிக்கும் மெத்தை) எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். மூன்று கட்டிலும் ஒன்பது தோத்தோவும் என்றால் முட்டிவலி உள்ள பாட்டிக்கு எந்தக் கட்டில் என்று இப்போதே முடிவு செய்துவிடலாம். கீழ்த்தளத்தில் அறை உண்டா, உட்காரும் கழிப்பறை கீழே உண்டா என்பதும் அதே கேள்வியோடு சேர்ந்தது. குளிர்சாதனம் கூடத்தில் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். தோத்தோக்காரர்கள் எல்லாம் கூடத்தில்தான் படுப்பார்கள்.

தண்ணீர் பெரிய விஷயம். சிலாங்கூரில் குழாய்த் தண்ணீர் நிற்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. பத்துப் பேர் ஆளுக்கு இரண்டு முறை குளித்தால், முறைக்கு 30 லிட்டர் என்று வைத்தாலே 600 லிட்டர். பழைய வரிசை வீடுகளில் இருக்கும் 100 கேலன் தொட்டியில் 450 லிட்டர்தான் பிடிக்கும். தொட்டி எத்தனை கேலன் என்று கேளுங்கள். தண்ணீர் வழங்கும் ஆயர் சிலாங்கூர் நிறுவனத்தின் செயலியில் அந்த வட்டாரத்துக்குத் தண்ணீர்த் தடை அறிவிப்பு வந்திருக்கிறதா என்று கிளம்புவதற்கு முந்தின நாள் பாருங்கள். தடை இருந்தால் போன உடனே வாளி, அண்டா எல்லாவற்றையும் நிரப்பி வைப்பதுதான் முதல் வேலை.

பணம் கட்டும் விஷயத்தில் அவசரம் வேண்டாம். முகநூலில் அழகான வீடு, பாதி வாடகை, ‘இன்னும் இரண்டு குடும்பம் கேட்கிறார்கள், உடனே டெபாசிட் போடுங்கள்’ என்று வந்தால் அது ஏமாற்றாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வீட்டு வாசலில் நின்று காணொளி அழைப்பில் பேசச் சொல்லுங்கள், வீட்டு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். கொடுத்த வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் மோசடிக் கணக்கா என்று பார்க்க உதவும் காவல்துறையின் செமாக் மூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். பணம் போன பிறகுதான் தெரிந்தது என்றால் நேரம் கடத்தாமல் மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள். பணம் கணக்கை விட்டுக் கணக்கு தாண்டுமுன் நிறுத்த முடிந்தால்தான் உண்டு.

டெபாசிட் பெரும்பாலும் 100 முதல் 200 வெள்ளி (ரிங்கிட்). எதற்கெல்லாம் பிடிப்பார்கள், எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள், தொலைபேசிப் பேச்சு போதாது. தமிழ்நாட்டுச் சொந்தங்கள் கூட வந்தால், இணையத்தளம் வழி பதிவு செய்யும்போது வெளிநாட்டுக் கடப்பிதழ்க்காரர்களுக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி சேரும். மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்பிடம் பெற்றவர்களுக்கும் அது இல்லை.

சமையல்கட்டு

இங்கேதான் பெரும்பாலான பயணம் கெடுகிறது. ‘போலே மாசாக்?’ (சமைக்கலாமா?) என்று கேட்டால் ‘போலே’ (சமைக்கலாம்) என்று பதில் வரும். போய்ப் பார்த்தால் ஒற்றை மின்னடுப்பும், முட்டை பொரிக்கும் சட்டியும், மேகி கிண்டும் பானையும் இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி ‘மாசாக் பெராட் போலே?’, அதாவது பெரிய சமையல் செய்யலாமா என்பது. ‘மாசாக் ரிங்கான்’ மட்டும் என்றால் தண்ணீர் கொதிக்க வைப்பது, சூடு பண்ணுவது, அவ்வளவுதான். அந்த வீட்டில் நண்டு பிரட்டினால் மசாலா நாற்றத்துக்கு டெபாசிட் போய்விடும். தாளிப்புப் புகை குளிர்சாதனக் கருவிக்குள் (ஏர்கண்டிஷனுக்குள்) ஏறி வாரக்கணக்கில் நிற்கும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும், அதில் அவர்மேல் குறை சொல்ல முடியாது. பெரும்பாலான தாமான் வீடுகளில் பின்கட்டில் வெளிச் சமையல்கட்டு இருக்கும். அங்கே எரிவாயு அடுப்பு உண்டா என்று படம் அனுப்பச் சொல்லுங்கள்.

படத்தில் பார்க்க வேண்டியவை: அடுப்பில் எத்தனை வாய், தோங் (எரிவாயு சிலிண்டர்) எங்கே இருக்கிறது, கழுவுதொட்டிக் குழாய் எவ்வளவு உயரம். மீன் கழுவ நீளமான மேடை உண்டா என்றும் பாருங்கள். தோங் பாதியில் தீர்ந்தால் யார் வாங்குவது என்றும் பேசிவிடுங்கள். எவ்வளவு மீதம் என்று தெரியாவிட்டால் தோங்கின் பக்கவாட்டில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, கையால் மேலிருந்து கீழே தடவிப் பாருங்கள். சூடு நின்று சில்லென்று மாறும் இடம்தான் எரிவாயு மட்டம்.

வீட்டுக்காரர் மலாய்க்காரர் என்றால் பன்றி இறைச்சியும் மதுவும் கூடாது என்று சொல்வது வழக்கம். சில வீடுகளில் முஸ்லிம்களுக்கு மட்டும் என்றே போட்டிருப்பார்கள். தமிழர் வீடு என்றால் மாட்டிறைச்சி சமைக்கக் கூடாது என்று இருக்கலாம். அவரவர் வீட்டு அடுப்பு, அவரவர் விதி. முன்கூட்டிக் கேட்டு, ஒத்துவராவிட்டால் வேறு வீடு பாருங்கள். ஒளித்து வைத்துச் செய்வது வேண்டாம். குப்பைப் பையைத் திறந்ததும் தெரிந்துவிடும்.

சைவம் பார்க்கும் பெரியவர்கள் இருந்தால் வீட்டுப் பாத்திரத்தில் என்ன வெந்தது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஒரு சோற்றுப் பானை, ஒரு குழம்புச் சட்டி, இரண்டு கரண்டி, ஒரு வெட்டுப் பலகை தனியாகக் கொண்டுபோய்விடுங்கள். ஹோம்ஸ்டே கத்திகள் பெரும்பாலும் மொட்டை, தக்காளியே வெட்டாது. நல்ல கத்தி, கத்தரிக்கோல், நண்டு உடைக்க ஒரு சிறு உரல் குழவி, 30 சென்டிமீட்டருக்குக் குறையாத குவாலி (வாணலி), இவை வீட்டிலிருந்து வர வேண்டும். மசாலாவையும் வீட்டிலேயே அரைத்து டப்பாவில் அடைத்துக் கொண்டுவாருங்கள், மின்னரைப்பான் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

மீன் வாங்குவது

சிலாங்கூர் ஆற்று முகத்துவாரம் சேறும் ஆழக்குறைவுமாக இருப்பதால் படகுகள் ஏறும் நீரோடுதான் உள்ளே வர விரும்பும். மேலே சொன்ன நாள்களில் சாயங்கால ஏற்றம் உங்களுக்குத் தோதான நேரம். மணல்திட்டிலிருந்து திரும்பி, குளித்து, நாலரை ஐந்து மணிக்குப் பாலத்தைத் தாண்டிப் பாசிர் பெனாம்பாங் போனால் அன்று இறங்கிய மீன் கிடைக்க வாய்ப்பு அதிகம். வாரச் சந்தையில் வாங்குவதானால் ஐஸில் எத்தனை நாள் கிடந்தது என்று தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எவ்வளவு வாங்குவது? பத்துப் பெரியவர்களுக்கு, இரண்டு மூன்று வகை வைப்பதானால், நண்டு 3 கிலோ, குழம்புக்கு மீன் 2 கிலோ, சோத்தோங் (கணவாய்) 1 கிலோ, அரிசி 1 கிலோவுக்குச் சற்று மேல் போதும். முழு மீனில் தலை, குடல், செதில் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும் என்பதையும் சேர்த்த அளவு இது. இன்னும் ஒரு கிலோ இறால் வாங்கலாமே என்று கடைமுன் நின்று ஒரு குரல் எழும். வேண்டாம். மிச்சம்தான் ஆகும், ஞாயிறு காலை அதைத் தின்ன யாருக்கும் பசி இருக்காது.

சேற்று நண்டை வாங்கும்போது கட்டியிருக்கும் கயிற்றைப் பாருங்கள். ஈரமான தடித்த கயிறு எடையில் சேரும். மெல்லிய ராஃபியா கயிறு கட்டியதைக் கேளுங்கள். நண்டைத் திருப்பிப் பிடித்து, வயிற்றுப் பக்கத்தில் கால் முளைக்கும் இடத்தை ஒட்டி ஓட்டைப் பெருவிரலால் அழுத்துங்கள். கல் மாதிரி நின்றால் சதை உண்டு. உள்ளே அமுங்கினால் ஓடு கழற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான். வயிற்று மடிப்பு குறுகலான முக்கோணமாக இருந்தால் ஆண், கொடுக்கில் சதை கூடுதல். அகலமாக வட்டமாக இருந்தால் பெண், முட்டை இருக்கலாம். கண் காம்பைத் தொட்டால் உள்ளிழுக்க வேண்டும். அசையாத நண்டை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். செத்த நண்டின் சதை சீக்கிரம் கெட்டுப்போகும்.

குழம்புக்குச் செனாங்கின் (காலா), சியாகாப் (கொடுவா), கருப்பு பாவால் (கருப்பு வௌவால்), விலை பார்த்து எடுங்கள். புட்டுக்குப் பால் சுறா வாங்கினால் முகர்ந்து பாருங்கள், மூக்கில் ஏறும் காரநெடி அடித்தால் பழசு. கெராங், லாலா ஆகிய சிப்பி வகைகளை வாங்குவதானால் வாய் மூடியதை மட்டும் பொறுக்குங்கள், தட்டியும் மூடாததைத் தள்ளுங்கள். லிட்டருக்கு 30 கிராம் உப்புப் போட்ட தண்ணீரில் ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவைத்தால் மணலைக் கக்கும். கெராங்கை வெந்நீரில் முக்கி எடுத்து அரைவேக்காட்டில் தின்னும் பழக்கம் பலருக்கு உண்டு. மஞ்சள் காமாலைக் கிருமி அந்த வழியாகவும் வரும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நன்றாக வெந்ததை மட்டும் கொடுங்கள்.

நண்டை வெட்டுமுன் அரை மணி நேரம் ஐஸில் புதைத்து வையுங்கள், அடங்கிவிடும், கொடுக்கும் கழலாது. வீட்டு அடுப்பின் தீ கடை அடுப்பின் தீயில் பாதிகூட இருக்காது. 3 கிலோ நண்டை ஒரே குவாலியில் போட்டால் அது வறுபடாமல் தன் தண்ணீரிலேயே அவியும், மசாலா ஒட்டாது. ஒன்றரை கிலோவாக இரண்டு முறை பிரட்டுங்கள். ஒவ்வொரு முறைக்கும் வெங்காயம் கால் கிலோ, இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி, அரைத்த மிளகாய் மூன்று மேசைக்கரண்டி. கறிவேப்பிலையைத் தாராளமாகப் போடுங்கள். மசாலாவில் எண்ணெய் பிரிந்த பிறகு நண்டைப் போட்டு, ஓடு முழுக்கச் சிவந்ததும் கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு குவளை ஊற்றி, மூடாமல் பத்து நிமிடம் பிரட்டினால் ஆயிற்று. பாலை முதலிலேயே ஊற்றினால் திரியும்.

கடையில் சாப்பிடுவதானால் ஒரே விதி: விலை எழுதாத எதையும் ஆர்டர் செய்யாதீர்கள். மீன், நண்டு, பெரிய இறால் எல்லாம் எடைக்கு விலை. சொல்லும் விலை கிலோவுக்கா 100 கிராமுக்கா என்று கேளுங்கள், சமைக்குமுன் கண்முன்னே நிறுக்கச் சொல்லுங்கள். சைவக்காரர்கள் இருந்தால் காய்கறி வறுவலில் இறாலோ பன்றிக்கொழுப்போ சேருமா என்றும் கேட்டுவிடுங்கள்.

குடிப்பவர்களுக்கு

விதி அனுமதிக்கும் வீட்டில் பீரோ வைனோ அளவாக இருக்கட்டும். மதுபானம் வாங்க வயது 21. கள் கிடைத்தால் காலையில் இறக்கியதை அன்று மதியத்துக்குள் குடித்துவிட வேண்டும், நேரம் ஆக ஆகப் புளிக்கும், கிறக்கமும் கூடும். போத்தலில் இறுக்கி மூடிச் சூடான காரில் வைத்தால் நொதித்து வெடிக்கும். மூடியைத் தளர்த்தி, நிமிர்த்தி வையுங்கள். முத்திரையோ பெயரோ இல்லாத மலிவுச் சரக்கைத் தொடவே தொடாதீர்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவால் பலர் செத்தார்கள். நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. காரோட்டியை மாலையிலேயே தீர்மானியுங்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறையே 10,000 முதல் 30,000 வெள்ளிவரை அபராதம், இரண்டு ஆண்டுவரை சிறை.

மின்மினி, மணல்திட்டு, குரங்கு

கம்போங் குவாந்தானில் நாலு பேர் ஏறும் துடுப்புச் சம்பான். ஏற இறங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குப் புக்கிட் பெலிம்பிங் பக்கத்து மின்படகு வசதி. கொசு மருந்தை வீட்டிலேயே பூசிக்கொண்டு போங்கள், படகில் தெளிக்காதீர்கள். கைப்பேசி வெளிச்சம், ஃபிளாஷ் இரண்டும் கூடாது. மணல்திட்டுப் படகு முக்கால் மணி நேரம்வரை ஓடும், நனைவீர்கள்; காற்றடித்தால் ரத்தாகும், பணம் திரும்புமா நாள் மாற்றமா என்று பதியும்போதே கேட்டு வையுங்கள். மே முதல் செப்டம்பர்வரை விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து திடீர்க் காற்றுமழை வருவது உண்டு, அன்று முற்பகல் கடல் சரிவராது.

புக்கிட் மெலாவத்தியில் 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கமும் பழைய பீரங்கிகளும் இருக்கின்றன, ஒரு மணி நேரம் போதும். சாம்பல் நிற லுத்தோங் குரங்கு சாது, அதன் குட்டி ஆரஞ்சு நிறத்தில் தாயின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீண்ட வாலுள்ள பழுப்புக் குரங்கு வேறு வகை, பிளாஸ்டிக் பையைக் கண்டால் பிடுங்கும். பையைக் காரில் வைத்துவிட்டு இறங்குங்கள்.

கிளம்பும் காலை

முதல் நாள் உள்ளே நுழைந்ததும் பொருளை இறக்குமுன் ஒவ்வோர் அறையையும் காணொளி எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பியிருந்தால், கடைசி நாள் வாக்குவாதம் இருக்காது. சுவரில் கறை, உடைந்த கொக்கி, வேலை செய்யாத விசிறி எல்லாம் அதில் தெரியட்டும். நண்டு ஓட்டையும் மீன் குடலையும் இரண்டு பைக்குள் கட்டி ராத்திரியே வெளித் தொட்டியில் போடுங்கள். உள்ளே வைத்தால் காலையில் வீடே நாறும், பிடித்தம் பெரும்பாலும் அதற்குத்தான். கழுவுதொட்டி வடிகட்டியில் செதில் அடைத்திருக்கும், கையால் எடுத்துவிட்டு வெந்நீர் ஊற்றுங்கள். எலுமிச்சைத் தோலும் ஒரு கைப்பிடிக் கல்லுப்பும் போட்டுக் குவாலியைத் தேய்த்தால் கவிச்சி போகும்.

வீட்டுக்கு மீன் வாங்கிப் போவதானால் குடலை எடுத்துச் சுத்தம் செய்து, மீன் எடைக்குச் சமமான எடை ஐஸ் போட்டுப் பெட்டியில் அடுக்குங்கள், ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை மீன். உருகும் தண்ணீரில் மீன் மிதக்காமல் அடியில் ஒரு சல்லடையோ கவிழ்த்த தட்டோ வையுங்கள். சாவியைக் கொடுத்த நேரத்தைப் படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். டெபாசிட் சொன்ன நாளில் வராவிட்டால் மறுநாளே, அந்தப் பழைய எழுத்துப் பேச்சை மேற்கோள் காட்டி, ஒரே ஒரு வரியில் கேளுங்கள்.